காக்கிச் சட்டையின் இடது பை

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை. அதன் கடைசி வீட்டுக் கிணற்றடியில் பாய் விரித்துக் குந்தியிருந்து பித்தான் தைத்த ஒரு பெண், பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தின் பட்டாளத்தையே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாள் என்று நான் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பட்டாளத்தின் உடுப்புக் கிடங்கில் கிளாக்கராக இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா? பென்ஷன் எடுத்த பிறகு என் கதைகள் வருஷத்துக்கு ஒரு சுற்றுப் பருக்கின்றன என்று என் மனைவி சொல்வாள். அவளும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு அது. ஏப்ரலில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போனான். மறுநாள் பாதி வெள்ளவத்தை களனிக்கும் கண்டிக்கும் ஓடியது. யாழ்ப்பாண ரயிலில் கூரையில் இருந்தவனின் மடியிலும் ஒருவன் இருந்தான். 'உடனே வா' என்று என் அம்மா தந்தி அடித்தார். லீவு கிடைக்கவில்லை. மில்லுச் சங்கு ஊதினால் பாதிப்பேர் மேசைக்குக் கீழே போவார்கள், மீதிப்பேர் வேலைக்குப் போவார்கள். எது மில்லுச் சங்கு, எது குண்டுவீச்சுச் சங்கு என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கு அடுத்த வீடு ஹாஷிம் நானாவுடையது. தையல்காரர். யுத்தத்துக்கு முன் மாப்பிள்ளைக் கோட்டுக்குக் காலி வீதி முழுக்கப் பெயர் பெற்றவர். அவர் தைத்த கோட்டைப் போட்டால் கூனனும் நிமிர்ந்து நடப்பான். கோட்டைப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து அழுத குடும்பங்கள் இரண்டை எனக்குத் தெரியும். யுத்தம் வந்ததும் கோட்டுப் போய்க் காக்கிச் சட்டை வந்தது. விறாந்தையில் கூரை முட்டக் காக்கி. அந்த வருஷம் அவர்கள் வீட்டுப் பூனை போட்ட மூன்று குட்டியும் காக்கி நிறம்.

ஹாஷிம் நானா வெட்டி மெஷினில் ஓட்டுவார். காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் கிணற்றடியில் அவர் மனைவி ஸைனம்புவும் மகள் ஸமீமாவும். கழுத்துப் பட்டியின் உட்புறம் 'ஹாஷிம், வெள்ளவத்தை' என்று இங்கிலீஷில் முத்திரை குத்த வேண்டும். தையல் பிரிந்தால் யாரைப் பிடிப்பது என்று பட்டாளத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

மூத்தவன் ஷிப்லி. பத்தொன்பது வயது. மெஷினைக் கண்டால் கொட்டாவி விடுவான், லொறியைக் கண்டால் கண் விரிப்பான். குண்டு விழுவதற்கு ஒரு வருஷம் முந்தியே 'லொறி ஓட்டப் பழக்குவாங்களாம்' என்று போய், வயதை இரண்டு கூட்டிச் சொல்லிப் பயனியர் படையில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். கொழும்புத் துறைமுகத்தில்தான் வேலை என்றார்கள். பொய்யில்லை. துறைமுகத்தில் அவனைக் கப்பலில் ஏற்றினார்கள், எகிப்தில் இறக்கினார்கள். லொறி ஓட்டப் போனவன் லொறியில் ஏற்றுகிற பெட்டிகளைச் சுமந்தான்.

முதலில் மூன்று கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தில் 'உம்மாவுக்கு ஸலாம்' என்ற தொடக்கமும் 'இப்படிக்கு ஷிப்லி' என்ற முடிவும் இருந்தன. நடுவில் இருந்ததையெல்லாம் பட்டாளத்துக் கத்தரிக்கோல் வெட்டி எடுத்திருந்தது. தையல்காரன் வீட்டில் வெட்டிய துணியைக் கண்டு யாரும் மலைப்பதில்லை. ஆனால் ஸைனம்பு அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்ததை நான் கண்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை.

பின்னேரங்களில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பத்திரிகை வாசித்துச் சொல்வது வழக்கம்.

"கிளாக்கர் தம்பி, பேப்பர்ல என்ன செல்லுது?"

"பாலைவனத்தில எங்கட படை வெற்றிகரமாப் பின்வாங்கியிருக்காம், அக்கா."

"பாத்தியா, வெற்றி" என்றார் ஹாஷிம் நானா. வாய்க்குள் எந்த நேரமும் நாலு குண்டூசி இருப்பதால் அவர் பேச்சு பல்லிடுக்கால்தான் வரும்.

"பின்னுக்குப் போறது வெற்றிண்டா, அப்பிடியே பின்னுக்குப் பின்னுக்கு வந்து வெள்ளவத்தைக்கே வந்துரச் செல்லுங்களே. மாலை போட்டுக் கூட்டி வாறேன்."

"மெல்லமாப் பேசு. பட்டாளத்துத் துணி ஈக்கிது. கேட்டுரும்."

"கேக்கட்டும். எவன்ட சண்ட இது? ஜெர்மன்காரன் எங்கட வேலிய வெட்டினானா? ஜப்பான்காரன் எங்கட கெணத்துல தண்ணி அள்ளினானா? வெள்ளக்காரனுக்கும் அவனுக்கும் கோபமிண்டா ரெண்டு பேரும் காலி முகத் திடல்ல வந்து கட்டிப் பொரளட்டும். எங்கட புள்ளய எதுக்கு நடுவுல?"

"அது அரசியல், அக்கா" என்றேன் நான், இருபத்தெட்டு வயதுக் கிளாக்கரின் முழு அறிவோடும்.

"அரசியல் செய்றவன்ட உம்மா எங்க ஈக்கிறா? அவளக் கூப்புடுங்க, நான் பேசுறேன்."

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை ஸைனம்பு ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு எழும்பிவிட்டாள். இனிப் பித்தான் இல்லை.

"ஒவ்வொரு சட்டைக்குள்ளயும் ஒரு உம்மாட மகன் போறான். நான் அதுக்குப் பித்தானும் போட்டுக் குடுக்கணுமா?"

"நீ தெக்காட்டி வேற ஆள் தெச்சிடும்" என்றார் ஹாஷிம் நானா.

"தெச்சிட்டுப் போகட்டும். என்ட கையால ஏலா."

நான்கு நாள். இங்கிலீஷ்காரனின் கிழக்குப் பிராந்தியப் போர் முயற்சி அந்த நான்கு நாளும் பித்தானில்லாமல் நின்றது. ஹாஷிம் நானா தானே தைக்கப் பார்த்து மூன்றாவது சட்டையில் பித்தானோடு தன் சாரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டார். எழும்பினால் சட்டையும் கூடவே வந்தது.

ஐந்தாம் நாள் காலை ஸைனம்பு தானாகவே வந்து குந்தினாள். பேயாய்த் தைத்தாள். ஸமீமாவும் கூடக் குந்தினாள், பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும். ஹாஷிம் நானா குண்டூசிகளையெல்லாம் துப்பிவிட்டு, "அல்லா கண்ணத் தொறந்தான்" என்று எனக்குக் கையோடு பிளேன்டீ ஊற்றித் தந்தார். கொப்பி எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டெம்பரில் கேட்க வேண்டி வந்தது.

கோட்டையில் எங்கள் கிடங்குக்கு மேலதிகாரி கப்டன் ஹார்கிறீவ்ஸ். ஆறரை அடி உயரம், உட்கார்ந்திருக்கும்போதும் ஆறரை அடி. அன்று காலை அவர் மேசையில் ஹாஷிம் முத்திரையோடு ஒரு காக்கிச் சட்டை கிடந்தது. பக்கத்தில் விரலளவு காகிதத் துண்டு. சட்டையின் இடது பைக்குள் மடித்து, ஒரு தையலால் பிடித்து வைத்திருந்ததாம். எழுத்து அரபு. அரபு தெரிந்த ஒரு வெள்ளைக்கார மேஜர் வந்து பார்த்து, இது அரபே இல்லை என்றார். எதிரியின் இரகசிய எழுத்து என்று முடிவாகி, பொலிசுக்குச் சொல்ல ஆள் புறப்படும் நேரம் ஒரு பஞ்சாபி ஹவில்தார் உள்ளே வந்தார்.

"எழுத்துக் குர்ஆன் எழுத்துத்தான், ஸேர். வாசிக்கலாம். ஆனால் பேச்சு என் நாட்டுப் பேச்சில்லை."

"வாசி" என்றார் கப்டன்.

ஹவில்தார் சப்பாத்தைக் கழற்றினார். நிமிர்ந்து நின்று, புனிதமான ஒன்றை ஓதுகிற இராகத்தில் ஆரம்பித்தார். கப்டன் தம்மை அறியாமலே தொப்பியைக் கழற்றினார். நான் மூலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றேன். பஞ்சாப் மாகாணத்துத் தொண்டையிலிருந்து வெள்ளவத்தைக் கிணற்றடித் தமிழ் வந்தது:

"மகனே, நீ யார்ட மகனா ஈந்தாலும் சரி. இது உன்ட சண்ட இல்ல. தொவக்கக் கீழ வெச்சிட்டு ஊட்டுக்கு வா. மாசிச் சம்பல் கிளறி வெச்சீக்குது. உம்மா."

பட்டாளத்துக்காரனைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்கிற துண்டு அது, ஆனால் எழுத்தில் மறைவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் நாட்டு முஸ்லிம் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது குறைவு. ஓதப் போய் அரபெழுத்துப் பழகுவார்கள், அந்த எழுத்திலேயே தமிழையும் எழுதுவார்கள். சீனி வாங்குவதற்கான சிட்டையும் மாப்பிள்ளைக்குக் கடிதமும் அதில்தான். வாசிக்கத் தெரிந்த ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்த எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றதால் ஸைனம்புவுக்குச் சிறை வாசல் திறக்கப் பார்த்தது.

என் கோப்பை கடகடத்ததைக் கப்டன் கேட்டுவிட்டார்.

"கதிர்காமநாதன், உனக்கு விளங்குகிறதா?"

"ஓம், ஸேர்." நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "பிரார்த்தனை, ஸேர். தைக்கிற பெண்கள் வைப்பது. போடுகிற வீரனுக்குக் குண்டு படக் கூடாதென்று."

"மாஸி என்று ஏதோ வந்ததே?"

"மாலைதீவுப் பக்கத்தவர், ஸேர். மகா வைரம். உலக்கையால் இடித்தாலும் இலேசில் உடைய மாட்டார்."

மாலைதீவிலிருந்து கருவாடாய் வருகிற மாசியைப் பற்றி இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கப்டன் அதை ஒரு மகானின் பெயராகவே எடுத்துக்கொண்டு ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

"ஒருவனுக்குப் பாதுகாப்பு, மற்றவனுக்கு இல்லையா? இது என்ன நியாயம்? இனி ஒவ்வொரு சட்டையிலும் இது இருக்க வேண்டும். காகிதம் நாங்கள் தருவோம்."

அந்தக் கட்டளையை மூன்று பிரதி டைப் அடித்தவன் நான். ஆறு பிழை விட்டேன்.

வெளி விறாந்தையில் ஹவில்தார் என்னை நிறுத்தினார். "பாபு, கடைசிச் சொல் உம்மா. அது தாய்தானே?"

"ஓம்" என்றேன்.

அவர் கையிலிருந்த துண்டைத் தன் சட்டையின் இடது பைக்குள் போட்டுப் பித்தானைப் பூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் நான் வீட்டுக்குப் போகவில்லை, நேரே அடுத்த வீட்டு வாசற்படலையைத் திறந்தேன். விஷயத்தைக் கேட்ட ஹாஷிம் நானா மெஷினை நிறுத்தினார்.

"ஸைனம்பு! என்னத் தூக்குல போடப் பாத்தியே!"

"ஒங்கள எதுக்குப் போடுறது? எழுதினது நான்."

"எழுதினது நான், வாப்பா" என்றாள் ஸமீமா. "உம்மா செல்லினா."

"பேராவது போடாம எழுதினீங்களே" என்றேன். "ஷிப்லி எண்டு இருந்திருந்தா இண்டைக்கு முடிஞ்சுது."

"பயத்துலயா போடல்ல? பேரப் போட்டா மத்தவன் பாத்துட்டு, எனக்கில்லண்டு எறிஞ்சிடுவான். போடாட்டி ஆரு எடுத்தாலும் தனக்குண்டு கேப்பான். கேட்டவன் பக்கத்துல ஈக்கிறவனுக்குச் செல்லுவான். அப்பிடியே போய்ப் போய் என்ட மகன்ட காதுல விழும்." ஊசியில் நூலைக் கோத்தாள். "எல்லாச் சட்டையும் எகிப்துக்குத்தானே போகுது, தம்பி?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பொதிகளுக்கு விலாசம் எழுதுவது என் வேலை. ஹாஷிம் நானாவின் சட்டைகள் போனது மலைநாட்டுத் தியத்தலாவை முகாமுக்கு. மிஞ்சினால் திருகோணமலைக்கு. எகிப்து என்ற சொல்லை நான் எழுதியதே கிடையாது.

"ஓம் அக்கா, எல்லாம் எகிப்துக்குத்தான்" என்றேன்.

கட்டளையைச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கிணற்றடி அரசாங்கக் கச்சேரியாகிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஜவாஹிறா என்ற அவளுடைய மைத்துனி மூன்று மகள்மாரோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். மாட்சிமை தங்கிய மன்னரின் காகிதத்தில், மன்னரின் மையால், மன்னரின் வீரர்களை வீட்டுக்கு வரச் சொல்லி எழுதினார்கள். ஒரு லட்சம் துண்டு எழுதினார்கள் என்பேன். ஸமீமா இன்றைக்கும் நாலாயிரம் என்கிறாள். ரேஷன் அரிசி இரண்டு நாளோடு முடிந்துவிடும். பிறகு கம்பு மாவில் ரொட்டி. மாசிச் சம்பலில் மாசியைத் தேட வேண்டும். அதையும் பகிர்ந்து தின்றுகொண்டு எழுதினார்கள்.

"சம்பலுக்கு மாசியே இல்ல, மச்சி. வெச்சீக்குதுண்டு எழுதுறோமே, பொய்யில்லயா?" என்பாள் ஜவாஹிறா.

"வரட்டும். வந்தா மாசி தானா வரும்."

ஒரு வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. தியத்தலாவை என்று எழுதிய ஒரு பெரிய பொதியில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, நீலப் பென்சிலால் 'சூயஸ், இலங்கைப் பயனியர் படை' என்று எழுதினேன். கப்பலில் ஏற்றியும் விட்டார்கள். தியத்தலாவைக் குளிரில் அந்த மாதம் முழுப் பட்டாளமும் பனியனோடு நின்று வெடவெடத்ததில் மலை உச்சித் தேயிலையெல்லாம் உதிர்ந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே குற்றம் அது. ஒரே நல்ல காரியமும் அதுவாக இருக்கலாம்.

அடுத்த மார்ச்சில் அரசாங்க உறை ஒன்று வந்தது. இங்கிலீஷ். ஹாஷிம் நானா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மதிலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். குண்டூசி இல்லாத வாயோடு அவரை நான் பார்த்தது அது இரண்டாம் தடவை.

நான் பிரித்தேன். மூன்றே வரி. என் முகத்தை ஸைனம்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கப்டனுக்குச் செல்லின மாதிரி எனக்குச் செல்லாதீங்க. அதுல உள்ளத மட்டும் செல்லுங்க."

எனக்கு அந்த நேரம் நல்ல பொய்கள் பத்து வந்தன. பத்தையும் விழுங்கினேன்.

"ஷிப்லியக் காணேல்லையாம், அக்கா."

"மௌத்தா?"

"அப்பிடி எழுதேல்ல. காணேல்ல எண்டுதான் இருக்கு. பாலைவனத்தில, போன ஜூன் மாசம் தொடக்கம்."

கிணற்றில் வாளி தண்ணீரில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் மகளின் பக்கம் திரும்பினாள்.

"நாங்க மொதத் துண்டு எழுதினது எப்ப?"

ஸமீமா கொப்பியை மூடினாள்.

"எப்ப புள்ள?"

"ஜூலையில, உம்மா."

ஸைனம்பு பாயில் குந்தினாள். ஹாஷிம் நானா, "இனி எழுதினது போதும், ஸைனம்பு" என்று தோளைத் தொட்டார். அவள் ஒரு சட்டையை இழுத்து மடியில் போட்டு இடது பையைப் பிரித்தாள்.

"காணாமப் போனவனக் கூப்புடாம வேற எவனக் கூப்புடுறது? எழுது புள்ள."

யுத்தம் முடிகிற வரைக்கும் எழுதினார்கள். பிறகு காக்கி வருவது நின்றது. பட்டாளம் பட்டாளமாக ஆட்கள் திரும்பி வந்தார்கள். கப்பல் வந்ததென்று கேள்விப்பட்டால் ஹாஷிம் நானா துறைமுகத்து ஜெட்டிக்குப் போய் நின்றுவிட்டு வருவார். என்ன என்று ஸைனம்பு கேட்க மாட்டாள். அவர் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே விளங்கிவிடும்.

நாற்பத்தாறு தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். காய்ச்சலில் லீவு போட்டு நான் மதிலோரம் வெயிலில் கிடந்தேன். ஒழுங்கை முகப்பில் ஒருவன் காக்கிச் சட்டையோடு வந்தான். மெலிந்த ஆள், தோளில் கித்தான் பை. வெயில் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஸைனம்பு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், ஈரச் சாரத்தைக் கையிலேயே பிடித்தபடி, செருப்பில்லாமல் ஓடினாள். பாதி ஒழுங்கையில் நின்றுவிட்டாள்.

அவன் அருகே வந்து சட்டைக் கழுத்தை மடித்து உள் முத்திரையைக் காட்டினான்.

"ஹாஷிம் ஊடு இதுதானா? உம்மா, கூப்பிட்டீங்களே, வந்திரிக்கன்."

பெயர் அலவி. ஊர் காத்தான்குடி. பயனியர் படையோடு எகிப்திலும் இத்தாலியிலும் மண் வெட்டியவன். இடது பையிலிருந்து துண்டை எடுத்தான். மடிப்பெல்லாம் இற்று, எழுத்து மங்கியிருந்தது. என் நீலப் பென்சில் பொதி போய்ச் சேர்ந்திருக்கிறது! மதில் பாய்ந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

"எங்கட கொம்பனில இந்த எழுத்து வாசிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். பின்னேரமானாத் தமிழ்ப் பொடியனுகள் எல்லாம் சுத்தி வந்திருவானுகள், வாசி வாசிண்டு. என்ட அம்மா சொன்னாப் போல இரிக்கிண்டு அழுவானுகள். அடுத்த நாளும் வாசிக்கச் சொல்லுவானுகள்."

"தொவக்கக் கீழ வெச்சியா, மகன்?"

"எங்களுக்கு எங்க உம்மா துவக்குத் தந்தானுகள்? மண்வெட்டிதான். அதக் கீழ வெச்சிட்டன்."

ஸைனம்பு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஷிப்லிண்டு ஒரு புள்ள. வலது புருவத்துல வெட்டு ஒண்டு ஈக்கும். கண்டியா?"

அவன் நெடுநேரம் யோசித்தான். யோசிக்கிறவனைப் போல் பாசாங்கு செய்யவில்லை, உண்மையாகவே யோசித்தான். "இல்ல உம்மா. காணல்ல."

"சரி. கையக் கழுவு."

மாசி அன்றைக்கு வீட்டில் இருந்தது. சுடச் சோறு போட்டுச் சம்பலை அள்ளி வைத்தாள். முதல் பிடியில் அவன் கண்ணை மூடினான். மூன்றாவது பிடிக்குக் கை போகும்போது அவள் கேட்டாள்.

"உன்ட உம்மா எப்பிடி ஈக்கிறா?"

"இன்னம் காணல்ல உம்மா. கப்பல் நேத்துத்தான் வந்த. விலாசம் சட்டையிலயே இரிந்திச்சா, நேரே இஞ்ச வந்திட்டன். ரெண்டு நாள் கொழும்பச் சுத்திப் பாத்திட்டு..."

ஸைனம்பு சோற்றுப் பீங்கானை அவனுக்கு முன்னாலிருந்து இழுத்தாள்.

"எழும்பு!"

"உம்மா?"

"வெள்ளவத்தைக்கு வாண்டா நான் எழுதினேன்? ஊட்டுக்கு வாண்டு தானே எழுதின! ஒருத்தி அங்க ஒழுங்கையப் பாத்துக்கொண்டு ஈக்கிறா, நீ இங்க சோறு திங்கிறியா? எழும்புடா!"

அலவி கையில் சோற்றோடு எழும்பி நின்றான். ஹாஷிம் நானா, "சாப்பிட உடு, புள்ளய" என்று தொடங்கினார். அவள் காதில் விழவில்லை. மீதிச் சம்பலை ஒரு தகர டப்பாவில் அமுக்கி, மூடி, துணியால் கட்டி அவன் பைக்குள் திணித்தாள். சோற்றை வாழையிலையில் கட்டினாள். "ரயில்ல தின்னு." அவன் போகும்போது துண்டை நீட்டினான். அவள் வாங்கி, மடித்து, அவனுடைய இடது பைக்குள்ளேயே திருப்பி வைத்துப் பித்தானைப் பூட்டினாள். அந்தப் பித்தான் அவள் தைத்ததுதான். தையல் விடவில்லை.

ஹாஷிம் நானா அவனைக் கோட்டைக்குக் கூட்டிப் போய் மட்டக்களப்பு ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

"தம்பி, அந்த ரயில் எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?" என்று ஸைனம்பு கேட்டாள்.

"விடிய ஆறுக்குப் போகும், அக்கா. காத்தான்குடிக்கு அங்கயிருந்து மூண்டு மைல். எட்டு மணிக்கு வீட்டில நிப்பான்."

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டேன். அடுத்த வீட்டில் மெஷின் ஓடவில்லை. ஸைனம்பு வெளுத்த சேலை உடுத்து, முக்காடிட்டு, வாசற்படியில் இருந்தாள். கையில் ஊசி இல்லை, மடியில் துணி இல்லை. ஒழுங்கை முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படலையடியில் நின்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, நானும் போகவில்லை. மீன்காரன் ஒருவன் சைக்கிளில் போனான்.

"எட்டாயிட்டா, தம்பி?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். "எட்டு அடிக்கப் போகுது, அக்கா."

அவள் முகத்தில் ஏதோ மலர்ந்தது. தொலைவில் யாரோ நடந்து வருவதைக் கண்டவளைப் போல் கழுத்தை நீட்டினாள்.

"இப்ப அந்த உம்மா எழும்புவா" என்று எழும்பினாள். "இப்ப வாசலுக்கு வருவா" என்று இறங்கி வந்தாள். "இப்ப தொறப்பா."

படலைக் கொளுக்கியை எடுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்தாள்.

ஒழுங்கையில் யாருமில்லை. நான் வேலையால் திரும்பி வந்தபோதும் அவள் அதைச் சாத்தியிருக்கவில்லை.